பல்லிகளுக்காகக் குளிக்கிறவர்

முதல் வாளித் தண்ணீர் தலைக்கு, இரண்டாவது கைகளுக்கு, மூன்றாவது மறுபடியும் தலைக்கு. மாலை ஆறரை மணி. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் கொட்டகையை ஒட்டிய குழாயடியில் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் மாடியில் அவர் வீட்டுக்குள்ளேயே குளியலறை உண்டு. அதற்குக் கதவு உண்டு, வெந்நீரும் உண்டு. ஆனாலும் மழையோ குளிரோ, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இங்கேதான் குளியல். கழற்றிய நீலச் சீருடை மூடி போட்ட ஒரு வாளிக்குள் போய்விட்டது. அந்த வாளி இதுவரை மாடிப்படி ஏறியதில்லை.

"என்ன மருந்துக்காரரே, இன்னைக்கும் ஊருக்கே காட்சியா?" என்று கீழ்வீட்டில் லாண்டரி நடத்துகிற அம்மா ஜன்னல் வழியாகக் கேட்கிறார்.

"டிக்கெட்டா போட்டிருக்கேன்? கண்ணை மூடிக்கிட்டு இஸ்திரி போடுங்க."

"கண்ணை மூடிக்கிட்டு இஸ்திரி போட்டா யார் சட்டை தீயும்? உங்க சட்டை ஒண்ணாவது என்கிட்ட வந்திருக்கா, அதையாவது தீய்க்கலாம்னு பாத்தா!"

வராது. சீருடையை அவரே துவைப்பார், அவரே அந்தக் கொட்டகையில் உலர்த்துவார். அடுத்தவர் துணியோடு அது சேரக்கூடாது என்பது அவருடைய சட்டம். சோப்பைத் தேய்த்துத் தேய்த்து முழங்கைவரை சிவந்த பிறகுதான் வேறு துணி மாற்றிக்கொண்டு மேலே ஏறுவார்.

வயது ஐம்பத்தாறு. கரப்பான், எறும்பு, கரையான், மூட்டைப்பூச்சி ஆகியவற்றுக்கு வீடுவீடாகப் போய் மருந்தடிக்கும் நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு வருடமாக வேலை பார்க்கிறார். புதிதாகக் குடிவருகிறவர்கள் பேரைக் கேட்டுவிட்டுத் தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போய் அவர் கதவைத் தட்டுவதுண்டு. "என்கிட்ட இருக்கிறது சாப்பிட்டா தலைவலி நிரந்தரமாப் போயிடும், வேணுமா?" என்பார், சிரிக்காமல். ஊரில் உள்ள பூச்சியையெல்லாம் கொல்கிற இந்த மனிதர் தன் வீட்டுக்குள் ஒரு சொட்டு மருந்தை விட்டதில்லை. அங்கே அந்த வேலையைப் பல்லிகள் பார்க்கின்றன.

நான் எதிர்வீட்டில் இருக்கிறேன். அவர் கதவு திறந்திருந்தால் முன்னறைச் சுவர் முழுவதும் எனக்குத் தெரியும். எந்த நேரமும் ஆறேழு பல்லிகளாவது அதில் இருக்கும். வெளிறிய உடல், கறுப்பு மணிக்கண், அடிவயிற்றில் ரோஜா நிறம். இருட்டியதும் அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு மேலே உள்ள ஒரே ஒரு குமிழ் விளக்கை மட்டும் போடுவார். "பூச்சி எங்க வரணும்னு நாமதான் சொல்லணும். அது பாட்டுக்கு எங்கேயாவது வந்தா இதுங்க பாவம், ஓடி ஓடி அலுத்துப்போயிடும்." தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை என்றே தோன்றும். அவர் அரையிருட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைச் சுற்றி நடக்கும் வேட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் இருப்பது அந்த ஒரு நாற்காலிதான்.

அவர் பல்லிகளுக்குப் பேர் வைக்கவில்லை. "பேர் வச்சா வளர்க்கிற மாதிரி ஆயிடும். நான் வளர்க்கல. ஒரே வீட்டுல இருக்கோம், அவ்வளவுதான்." ஆனால் பேச்சில் "மொட்டைவால்" வரும், "கடிகாரத்துக்காரி" வரும், "புதுசா வந்த அவசரக்குடுக்கை" வரும். இதெல்லாம் பேர் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "அடையாளம்மா அது. போலீஸ்ல எழுதுற மாதிரி" என்றார்.

வீட்டுக்குச் சில நடைமுறைகள் உண்டு. கதவை இழுத்துச் சாத்தக்கூடாது. கீல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் மூட வேண்டும். சமைத்தது எதுவும் மூடியில்லாமல் இருக்கக்கூடாது. காலையில் எழுந்ததும் ஈரத்துணியோடு ஒரு சுற்று வந்து, சுவரோரம் கிடக்கும் எச்சங்களைத் துடைத்துவிடுவார். நுனியில் சுண்ணாம்பு வைத்தாற்போல வெள்ளைப் புள்ளியோடு இருக்கும் கறுப்புக் குச்சிகள். "ராத்திரி பூரா வேலை செய்றதுங்க. இதைக்கூடத் துடைக்கலைன்னா எப்படி?"

இந்த நடைமுறைகளால் அதிகம் பாதிக்கப்பட்டவர் எலக்ட்ரீஷியன். படுக்கையறை விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். எலக்ட்ரீஷியன் போய் சுவிட்ச் பலகையைத் திறந்தால், உள்ளே கம்பிகளுக்கு நடுவில் இரண்டு வெள்ளைப் பல்லி முட்டைகள். "அப்படியே மூடுப்பான்னுட்டாருங்க. பொரிக்கட்டும், அப்புறம் வான்னாரு. நான் ஏதோ ரெண்டு நாள்னு நினைச்சேன். ஒன்றரை மாசம்! ஒன்றரை மாசம் மனுஷன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு சட்டை தேடியிருக்காரு" என்று எலக்ட்ரீஷியன் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

இரண்டாம் மாடியில் ஒருமுறை வேறொரு கம்பெனியைக் கூப்பிட்டு மருந்தடித்தார்கள். அன்றைக்கு அவர் விடுப்பு எடுத்தார். கதவிடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு, மாடிப்படியில் கையில் செருப்போடு உட்கார்ந்துவிட்டார். "மருந்து பட்ட கரப்பான் உடனே சாகாது. குடிச்சவன் மாதிரி தள்ளாடிக்கிட்டு மேல ஏறி வரும். அதைப் பிடிச்சுத் தின்னா என் வீட்டுதும் போச்சு." மாலை வரை காவல் இருந்தார். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அவரைத் தாண்டி ஏற அனுமதி கேட்டார்கள்.

அவர் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. அவர் போகிற வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. காலையில் மணியடிப்பார், வீட்டுக்காரர்கள் பிள்ளைகளையும் பையையும் தூக்கிக்கொண்டு வெளியேறுவார்கள், மாலைவரை உள்ளே வர வேண்டாம் என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டுவார். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போவார். "நான் போனா எல்லாரும் வெளியில போயிடணும். அதான் என் வேலையே. ஆயிரக்கணக்குல வீடு பாத்திருக்கேன். ஒரு வீட்டுலயும் யாரும் உக்காந்து சிரிச்சுப் பாத்ததில்ல."

அதனால் அவருக்கு வீடுகளைத் தெரியும், மனிதர்களை அவ்வளவாகத் தெரியாது. ஒருமுறை என் வீட்டுக்கு ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் பார்வை பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் போய்விட்டது. "அந்தக் குழாய் மூட்டுல கசியுது பாருங்க. இன்னும் ரெண்டு மாசத்துல விருந்தாளி வருவாங்க" என்றார். வந்தன. அவரை யாரும் எதற்கும் அழைப்பதில்லை. லாண்டரி அம்மா இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்: "வந்த மனுஷன் காபியைப் பாக்காம கட்டிலுக்கு அடியில பாத்தா யாரு கூப்பிடுவா?"

அவருக்கு மனைவி இருக்கிறார். மகள் இருக்கிறாள். இரண்டு பேரும் பதின்மூன்று வருடமாக வேறு ஊரில், மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். இதை அவராகச் சொன்ன மாலையில் மின்சாரம் போயிருந்தது. அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. உடம்புக்கு ஆகாத வாடை எதுவோ வீட்டுக்குள் வருகிறது என்றார் டாக்டர். மனைவி கண்டுபிடித்துவிட்டார். வேலைவிட்டு வந்ததும் கீழேயே குளித்து, சீருடையையும் கீழேயே விட்டுவிட்டு மேலே வரச் சொன்னார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"நான் சிரிச்சேன்ம்மா. நாள் பூரா அதுலயே கிடக்கேன், எனக்கு ஒரு தும்மல் வரலை, வீட்டுல இருக்கிறவளுக்கு என்னன்னு கேட்டேன். அந்தச் சட்டையோடவே பிள்ளையைத் தூக்குவேன். கம்பெனி சட்டைன்னா அப்ப ஒரு பெருமை."

மகளுக்குப் பதினாலு வயதானபோது, காற்று நன்றாக இருக்கிற ஊரில் படிக்கட்டும் என்று மனைவி அழைத்துப் போனார். ஒரு வருடம் என்றுதான் பேச்சு. "சண்டை போட்டுட்டுப் போயிருந்தா சமாதானம் ஆகியிருக்கும். நல்லபடியா போனாங்க. அதான் வரல."

அவர்கள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்பார் யாரும் இல்லாத தைரியத்தில், தன் வீட்டுக்குக் கம்பெனி முறைப்படி முழுமருந்து அடித்தார். மறுநாள் காலையில் நாட்காட்டிக்குக் கீழே இரண்டு பல்லிகள் மல்லாந்து கிடந்தன. அவற்றில் ஒன்றின் வயிற்றுத்தோல் வழியே இரண்டு முட்டைகள் தெரிந்தன.

"செத்த பூச்சியை நான் பாக்காததா? கூடை கூடையா அள்ளியிருக்கேன். ஆனா அன்னைக்கு அதைப் பெருக்கித் தள்ளுனதும், வீட்டுல ஒரு சத்தம் இல்ல. அதுங்க 'ச்சு ச்சு'ன்னு சொல்லிட்டு இருந்தது அப்ப வரைக்கும் என் காதுல விழுந்ததே இல்ல. இல்லாதப்பதான் தெரிஞ்சுது."

மருந்தின் வீரியம் போகப் பல மாதங்கள் பிடித்தன. முதலில் கரப்பான்கள் வந்தன. அவர் சும்மா இருந்தார். பிறகு ஒரு பல்லி வந்தது. சில நாளில் அதுவும் செத்தது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அடுத்து வந்த பல்லி, ஆணியில் தொங்கிய சீருடைச் சட்டையின் கையில் ஏறி, தோள்வரை நடந்து, பொத்தென்று கீழே விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார். மறுநாளிலிருந்து கீழே குளிக்க ஆரம்பித்தார். பதினோரு வருடம் ஆகிறது. "பல்லி விழாம இருந்தா நான் சுத்தம்னு அர்த்தம்" என்றார். மின்சாரம் வந்தது. உள்ளே போய்விட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் கதவைத் தட்டினார். ரெண்டு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கும் இரண்டு வருடமாக இழுப்பு. அண்ணன் வீட்டில் தனியாக இருக்க அவருக்கு விருப்பம் இல்லை. இங்கே வந்து இருக்க முடியுமா என்று இருவரும் நாளைக்கு நேரில் பார்க்க வருகிறார்கள்.

"பல்லியை எல்லாம் பிடிச்சு வெளியில விட்டுடவாம்மா? பொம்பளைங்களுக்குப் பல்லின்னா ஆகாதில்ல?"

"அவங்களுக்கு ஆகாதா?"

யோசித்தார். "தெரியலையே" என்றார். பத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்த மனைவியைப் பற்றி அவருக்கு அது தெரியவில்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து, "நாளைக்கு நீங்களும் கொஞ்ச நேரம் கூட இருங்கம்மா. எனக்குப் பேச்சு வராது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். மனைவி கனமான, சிரித்த முகம் கொண்டவர். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். மகள் தன் தோள்பையின் முன் ஜிப்பைத் திறந்தே வைத்திருந்தாள். மருந்து உறிஞ்சும் குழல் அதில் இருந்தது. உள்ளே நுழையும்போது, ஆழம் தெரியாத தண்ணீரில் காலை வைக்கிறவளைப் போலக் கொஞ்சமாக மூச்சிழுத்தாள். நின்றாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"வாசம் இல்லையேம்மா" என்றாள் அம்மாவிடம். அப்பாவைப் பார்க்கவில்லை.

மனைவி சுவரைப் பார்த்தார். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து கடிகாரத்துக்காரி பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். "இதுதான் உங்க குடும்பமா? இருக்கட்டும். நான் இதுங்ககூட ஒண்ணும் சண்டைக்கு வரலை" என்றார். மருந்துக்காரர் அவசரமாக டீ போடப் போனார். நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போய்விடலாமா என்று இருந்தது.

அப்போது லாண்டரி அம்மா பிஸ்கட் தட்டோடு மேலே வந்தார். விருந்தாளியைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. "நீதான் பொண்ணா? அப்பா ஜாடை அப்படியே இருக்கு. உங்க அப்பா பெரிய ஆளு தெரியுமா? பல்லிக்கு ஆகாதுன்னு தினம் கீழ குழாயடியிலதான் குளியல். சட்டையைக்கூட மேல கொண்டுபோக மாட்டாரு. பல்லி மேல அவ்வளவு பாசம்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கிறது என்று இறங்கிப் போனார்.

டீ டம்ளர்களோடு அவர் சமையலறை வாசலில் நின்றார்.

மகள் முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பேசினாள். "கீழ குளிக்கிறீங்களா?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

"நாங்க போய்ப் பதிமூணு." குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஏழு வயசுப்பா. ராத்திரி முழுக்க உக்காந்துக்கிட்டே தூங்குவேன். அம்மா உங்களை இந்த ஒண்ணைத்தான் கேட்டா. சிரிச்சீங்க. பல்லி செத்ததும் தெரிஞ்சுதா?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்றோ, வேலை அப்படி என்றோ. அவர் கையிலிருந்த டம்ளர்களைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அப்பதான் தெரிஞ்சுது."

மனைவி எழுந்து போய் டம்ளர்களை வாங்கிக்கொண்டார். "ஆறுது பாருங்க" என்றார். எல்லோரும் டீ குடித்தோம். மகள் பாதியில் வைத்துவிட்டு ஜன்னலருகில் போய் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பியபோது ஒரு முடிவோடு இருந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரேன். நானும் நாலு நாள் இங்கயே படுக்கிறேன். நீங்க வழக்கம்போல வேலைக்குப் போயிட்டு வாங்க, லீவு போடக்கூடாது. எனக்கு இழுப்பு வரலைன்னா அம்மா இங்க இருக்கட்டும். வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்."

"சரி" என்றார்.

"எனக்குன்னு ஒரு கட்டில் வேணும்" என்றார் மனைவி. "பழைய கட்டில் எங்க?"

"கரையான் அரிச்சிடுச்சு."

மருந்துக்காரர் வீட்டுக் கட்டிலைக் கரையான் அரித்ததைக் கேட்டு மனைவி சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. மகள் பைக்குள் கைவிட்டாள். இருமல் தானாகவே அடங்கியது. அதுவரை மருந்துக்காரர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. கட்டில் வந்து இறங்கியது. நாற்காலிகள் இரண்டு வந்தன. என்னுடையவை நன்றாகத் துடைக்கப்பட்டு என் வாசலுக்கே திரும்பின. இரவில் ஜன்னல் விளக்கோடு சமையலறை விளக்கும் எரிந்தது. லாண்டரி அம்மாவிடம் போய், தலையணை உறைகளை வாடை எதுவும் இல்லாத சோப்பில் துவைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். "பதினோரு வருஷத்துல முதல் துணி!" என்று அந்த அம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை. இரவு எட்டு மணி ரயிலில் அவர்கள் வருவதாக ஏற்பாடு. லீவு போடக்கூடாது என்று சொன்னதால் அவர் அன்றும் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு வீடு, இரண்டிலும் கரப்பான் என்று காலையில் சொன்னார். ஏழு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். ஈரத்தலையோடு, மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். விரல்நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் கிடந்து வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவர் வீட்டுக் கதவு இன்னும் பூட்டியிருந்தது.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு உதவி" என்றார். "எனக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சும்மா. மருந்து வாடை இருந்தாலும் எனக்குத் தெரியாது. பல்லி சொல்றது எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாது."

சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். என்னிடம் கையை நீட்டினார். பிறகு, ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளையைப் போல, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கண்களை இறுக மூடினார்.